வீட்டில் சிலேட் பூல் டேபிள்: பெங்களூரு வீடுகளுக்கான கேள்வி பதில்கள்

8 அடி டேபிளுக்கு எவ்வளவு பெரிய அறை வேண்டும்?

டேபிளின் வெளி அளவை வைத்து அறையைக் கணக்குப் போடாதீர்கள். ஆடுபரப்பும் க்யூவின் (பந்தை அடிக்கும் கோலின்) நீளமும்தான் கணக்கு. டேபிளின் ஓரச் சட்டத்தில் பந்து மோதித் திரும்பும் ரப்பர் விளிம்புதான் குஷன், அதன் நீட்டிய முனை மூக்கு. ஆடுபரப்பு என்பது எதிரெதிர் குஷன்களின் மூக்குக்கு மூக்கு உள்ள அளவு. 8 அடி டேபிளில் அது 88 × 44 அங்குலம். சாதாரண க்யூ 58 அங்குலம். நான்கு பக்கமும் ஒரு க்யூ நீளம் சேர்த்தால் 17 அடிக்கு 13 அடி 4 அங்குலம் வருகிறது. இது க்யூ கிடக்க மட்டும் போதுமான இடம். குஷனை ஒட்டி நிற்கும் பந்தை அடிக்கக் கையைப் பின்னால் இழுக்க வேண்டுமே, அதற்குப் பக்கத்துக்கு 6 அங்குலம் சேருங்கள். 18 × 14½ அடி இருந்தால் நிம்மதியாக ஆடலாம்.

இதே கணக்கில் 7 அடி டேபிளின் ஆடுபரப்பு 78 × 39 அங்குலம், 9 அடி டேபிளுடையது 100 × 50. 12 அடி ஸ்னூக்கர் டேபிளுக்கு 22 × 16 அடி கேட்கும். அபார்ட்மென்ட்டில் அதை மறந்துவிடலாம்.

30 × 40 சைட்டில் கட்டிய வீடுகளில் ஹால் பெரிதாக இருந்தாலும் தூணோ மாடிப்படியோ குறுக்கே வரும். டேபிள் வரப்போகும் இடத்தில் தரையில் மாஸ்கிங் டேப்பால் ஆடுபரப்பை ஒட்டி, கையில் ஒரு க்யூவோ 58 அங்குலக் குச்சியோ வைத்துக்கொண்டு சுற்றிவந்து பாருங்கள். ஒரே ஒரு மூலையில் மட்டும் தூண் இடித்தால் 48 அங்குலச் சின்ன க்யூ ஒன்று வாங்கி வைத்துச் சமாளிக்கலாம். இரண்டு பக்கம் முழுக்க இடித்தால் ஒரு அளவு சின்ன டேபிளுக்கு இறங்குவதே சரி. நெருக்கடியான 8 அடி டேபிளைவிடத் தாராளமாக ஆட முடிகிற 7 அடி டேபிள் எவ்வளவோ மேல்.

மூன்றாவது மாடி வீடு. தளம் எடை தாங்குமா?

முக்கால் அங்குல சிலேட் (துணிக்கு அடியில் இருக்கும் தட்டைக் கல்) போட்ட 7 அடி டேபிள் ஏறக்குறைய 250 கிலோ வரும். ஒரு அங்குல சிலேட் உள்ள 8 அடி டேபிள் 350 முதல் 400 கிலோ. இதில் கல் மட்டும் 225 கிலோ அளவுக்கு இருக்கும். எண்ணைக் கேட்டால் பயமாக இருக்கும், ஆனால் இந்த எடை சுமார் 3.3 சதுர மீட்டர் பரப்பில் நிற்கிறது. சதுர மீட்டருக்கு 120 கிலோவுக்கு மேல் போகாது. வீட்டு அறைகளுக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநிலை வைத்திருக்கும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ. ஒழுங்காகக் கட்டிய கான்கிரீட் தளத்துக்கு இது பெரிய சுமை இல்லை.

கவனம் வேண்டிய இடங்கள் இரண்டு. அல்சூர், பிரேசர் டவுன், காக்ஸ் டவுன் பக்கம் மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அங்கே மாடியில் வைப்பதானால் கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் வைக்காதீர்கள்.

இரண்டாவது, டைல்ஸ். மொத்த எடையும் நான்கே கால்களில் இறங்குகிறது. ஒரு காலுக்கு 100 கிலோ அளவு. கால் வரும் இடத்து டைலை ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பக்கத்து டைல் ‘டக் டக்’ என்று கெட்டியாக ஒலிக்க, இது மட்டும் பொள்ளலாக ஒலித்தால் அடியில் கலவை நிரம்பவில்லை. டேபிள் ஏறிய சில நாளில் அந்த டைல் விரிசல் விடும், டேபிளின் மட்டமும் அதோடு போகும். டேபிளை அரை அடி நகர்த்திப் போடுங்கள், அல்லது அந்த டைலைப் பெயர்த்து மறுபடி பதியுங்கள். லேமினேட் மரத்தளமாக இருந்தால் ஒவ்வொரு காலுக்கும் அடியில் 6 அங்குலச் சதுரத்தில் 12 மி.மீ. ப்ளைவுட் துண்டு கொடுங்கள்.

மொட்டை மாடியில் ஷீட் கூரை போட்டிருக்கிறோம். அங்கே வைக்கலாமா?

வேண்டாம். பெங்களூருவில் அதிகம் பாழாகும் டேபிள்கள் இப்படி வைத்தவைதான். சிலேட்டுக்கு வெயிலோ சாரலோ ஒன்றும் செய்யாது. அதைச் சுற்றியுள்ள எல்லாவற்றுக்கும் செய்யும். தகரத்தின் கீழ் வரும் சூட்டில் குஷன் ரப்பர் இறுகும், வெயில் பட்ட பக்கம் துணி வெளுக்கும். சிலேட்டின் அடியில் ஒட்டியிருக்கும் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) பட்டை ஜூன் மாதச் சாரலில் ஊதிவிடும். ஊதியபின் துணிக்கு அடிக்கும் ஸ்டேப்ளர் பின் அதில் நிற்காது. புறா எச்சத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. நான்கு சுவரும் மூடும் ஜன்னலும் உள்ள அறைதான் வேண்டும்.

ஒரே கல்லா, மூன்று துண்டா?

லிஃப்டோ மாடிப்படியோ ஏற வேண்டிய வீடு என்றால் மூன்று துண்டுதான். 8 அடி டேபிளில் ஒரு துண்டு ஏறக்குறைய 75 கிலோ, 9 அடியில் 90 கிலோவுக்கு மேல். எட்டு பேர் லிஃப்டின் கொள்ளளவு 544 கிலோ என்பதால் எடையில் சிக்கல் வராது. ஒரு நடைக்கு ஒரு துண்டு, இரண்டு ஆள். கல்லை எப்போதும் பக்கவாட்டில் நிறுத்தியே தூக்க வேண்டும். படுக்கவைத்துத் தூக்கினால் தன் எடையாலேயே நடுவில் விரிசல் விடும். கீழே இறக்கிவைக்கும்போதும் வெறும் தரையில் வைக்காமல் இரண்டு மரக்கட்டை மேல், சுவரில் லேசாகச் சாய்த்து வைக்க வேண்டும்.

தரைத்தளத் தனி வீடு, 7 அடி டேபிள் என்றால் ஒற்றைக் கல் நல்ல தேர்வு. இணைப்புக் கோடே கிடையாது. ஆனால் பின்னால் வீடு மாறும்போது அதே கல்லை நான்கு பேர் சுமக்க வேண்டியிருக்கும்.

அபார்ட்மென்ட் என்றால் முதலிலேயே அசோசியேஷனில் லிஃப்ட் உபயோகத்துக்கும் கேட் பாஸுக்கும் சொல்லிவையுங்கள். வேலை நேரக் கட்டுப்பாடு இருந்தால் டேபிளைப் பொருத்தும் ஃபிட்டரைக் காலையிலேயே வரச் சொல்லுங்கள். அவசரத்தில் மட்டம் பார்த்த டேபிள் நன்றாக அமைந்ததே இல்லை.

உண்மையில் சிலேட்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பாக்கெட் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், கல்லின் விளிம்பு தெரியும். சிலேட் கருஞ்சாம்பல் நிறம், ஓரத்தில் ஏடு ஏடாகப் படிந்த கோடுகள் இருக்கும். மார்க்காபூரிலிருந்து வந்த பள்ளிக்கூட சிலேட்டும் இந்த வகைக் கல்தான். எம்.டி.எஃப். என்றால் தவிட்டு நிறத்தில் நார் நாராக இருக்கும். விரல் மடக்கித் தட்டினால் கல் கணீரென்று சொல்லும், மரப்பலகை ‘தொப்’பென்று சொல்லும். தடிமனையும் அங்கேயே ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். போட்டி டேபிளுக்கு ஒரு அங்குலம் குறைந்தபட்சம். வீட்டு 7 அடிக்கு முக்கால் அங்குலம் போதும்.

மார்பிள் பெட் என்று விற்கிறார்களே, அது மோசமா என்றால், கல்லின் பெயரைவிட அதை எவ்வளவு தட்டையாகத் தேய்த்திருக்கிறார்கள் என்பதே முக்கியம். துணி போடுமுன் 4 அடி அலுமினியப் பட்டையை நிறுத்தி, மறுபக்கம் விளக்கு வைத்துப் பாருங்கள். அடியில் வெளிச்சம் கசிந்தால் அந்தக் கல் வேண்டாம். ஆனால் விலை வித்தியாசம் சின்னதாக இருந்தால் சிலேட்டையே எடுங்கள். ஏடாகப் பிளந்து தட்டையாகத் தேய்க்க வசதியான கல் அது, ஸ்க்ரூ ஓட்டை போட்டாலும் உடையாமல் நிற்கும். 1826இல் லண்டனில் டேபிள் தயாரிப்பாளர் ஜான் தர்ஸ்டன் சிலேட் பெட் போட ஆரம்பித்ததற்குப் பிறகு நல்ல டேபிளுக்கு வேறு கல்லை யாரும் பெரிதாகத் தேடவில்லை.

பொருத்தும் நாளில் எதைக் கூடவே இருந்து பார்க்க வேண்டும்?

துணி ஏறுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தை. டேபிளின் ஆட்டம் முழுக்க அங்கேதான் முடிவாகிறது. துணி போட்டுவிட்டால் குறை எல்லாம் மூடிவிடும், ஆனால் ஒவ்வொரு மெதுவான அடியிலும் வெளியே தெரியும்.

முதலில் காலும் சட்டமும் நிற்கும். மூலைக்கு மூலை குறுக்காக டேப் பிடித்தால் இரண்டு அளவும் ஒன்றாக வர வேண்டும். வித்தியாசம் இருந்தால் சட்டம் கோணல், மேலே கல் ஒழுங்காக உட்காராது. இந்தக் கட்டத்தில் கொத்தனார் ரசமட்டம் போதும்.

பிறகு நடுக்கல், அதன்பின் இரண்டு ஓரக்கல். மூன்றும் ஒரே செட்டாகத் தேய்த்தவை, பின்பக்கம் எண்ணோ குறியோ இருக்கும். வரிசை மாறினால் இணைப்பு சேராது.

இனி மட்டம். இங்கேதான் பலர் தவறான கருவியை எடுக்கிறார்கள். கொத்தனார் ரசமட்டம் மீட்டருக்கு ஒரு மி.மீ. சரிவைத்தான் நம்பிக்கையாகக் காட்டும். 8 அடி டேபிளின் நீளம் 2.2 மீட்டர் என்பதால், குமிழ் நடுவில் நின்றாலும் 2 மி.மீ. சரிவு ஒளிந்திருக்கலாம். உலக பூல் சங்கத்தின் அளவுகோல் நீளவாட்டில் கூட்டல் கழித்தல் 0.5 மி.மீ., அகலவாட்டில் 0.25 மி.மீ. இதைப் பிடிக்க லேத் பட்டறையில் மெஷினை மட்டம் பார்க்கும் இன்ஜினியர் லெவல் வேண்டும், குமிழ் ஒரு கோடு நகர்ந்தால் மீட்டருக்கு 0.1 மி.மீ. சரிவு என்று காட்டுவது, அல்லது அதைவிடத் துல்லியமானது. பீனியாவில் மெஷின் கருவி விற்கும் கடைகளில் கிடைக்கும். டேபிள் ஃபிட்டரை முடிவு செய்யும்போது இந்த லெவல் அவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். மொபைல் ஆப் காட்டுகிறேன் என்பவரை அனுப்பிவிடுங்கள்.

நடுக்கல்லை முதலில் மட்டப்படுத்தி, ஓரக்கல்லை அதோடு சேர்க்க வேண்டும். கல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவே மெல்லிய மர ஆப்பு, உலோகத் தகடு, அல்லது விசிட்டிங் கார்டு. கார்டு ஏறக்குறைய 0.3 மி.மீ. தடிமன், சின்னத் திருத்தத்துக்கு அது சரியாக அமையும். அண்டை கொடுப்பது ஸ்க்ரூவுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஸ்க்ரூவிலிருந்து தள்ளிக் கொடுத்தால், முடுக்கும்போது கல் வளைந்து அந்த இடம் பள்ளமாகிவிடும். அதனால்தான் முடுக்கிய பிறகு மறுபடி லெவல் வைத்துப் பார்க்கிறோம். ‘முதலிலேயே பார்த்தாச்சு சார்’ என்று சொன்னாலும் விடாதீர்கள்.

இணைப்புக் கோட்டில் கண்ணை நம்ப வேண்டாம். விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் தட்டினால் படி இருக்கிறது. இரண்டு கல்லுக்கும் உயர வித்தியாசம் 0.13 மி.மீ.க்குள் வர வேண்டும்.

இணைப்பில் மெழுகா, பட்டியா?

தேன்மெழுகு. கல்லை லேசாகச் சூடாக்கி, உருக்கிய மெழுகை இணைப்பிலும் ஸ்க்ரூ குழிகளிலும் ஊற்றி, ஆறியதும் பிளேடால் கல்லோடு சமமாகச் சுரண்டி எடுப்பார்கள். 62 டிகிரிக்கு மேல்தான் உருகும், எனவே பெங்களூரு அறைச் சூட்டுக்குப் பயமில்லை. நாளைக்குக் கழற்ற வேண்டுமென்றாலும் சுலபமாக வரும்.

கார் பாடிக்குப் போடும் பட்டியும் நன்றாக நிற்கும். உப்புத்தாள் போட்டுச் சமப்படுத்தலாம், ஆனால் கழற்றும்போது கல்லின் விளிம்பைப் பெயர்க்கும் ஆபத்து உண்டு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வேண்டாம். மேலே காபி கொட்டினால் ஊறி நொறுங்கும், துணிக்கடியில் மணல்போல் நெருடும்.

எந்தத் துணி?

பூல் டேபிளுக்கு மயிரில்லாத வொர்ஸ்டட் துணி (முறுக்கிய கம்பளி நூலில் வழவழப்பாக நெய்தது), ஸ்னூக்கருக்கு மயிர் படிந்த துணி. ஸ்னூக்கர் விதிகள் 1880களில் ஊட்டி கிளப்பில் உருவானவை. அந்த ஆட்டம் மயிர்த் துணியோடு வளர்ந்தது, இன்றும் அப்படியே. பூலுக்கு மயிர்த் துணி போட்டால் பந்து மந்தமாகும்.

சிமோனிஸ் 860 போன்ற துணி 90 சதவீதம் கம்பளி, 10 சதவீதம் நைலான். விலை உறுத்தும், ஆனால் வீட்டு ஆட்டத்தில் நான்கைந்து வருடம் தாராளமாக வரும். டேபிளோடு இலவசமாக வரும் மெல்லிய துணி ஓரிரு வருடத்தில் உருண்டை பிடிக்கும். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் மர வேலைப்பாட்டில் குறையுங்கள், துணியில் வேண்டாம்.

இழுத்து அடித்த துணியை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கப் பாருங்கள். சுலபமாக எழும்பினால் தளர்வு, கொஞ்ச நாளில் சுருக்கம் விழும்.

ஒரு குஷனில் மட்டும் பந்து செத்துப்போகிறது, ஏன்?

பத்தில் எட்டு தடவை போல்ட் தளர்வுதான். குஷன் மேல் பந்தைக் கையில் பிடித்து, சட்டம் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் சத்தம் கெட்டியாக இல்லாமல் ‘டொக்’ என்று மாறினால் அதன் நேர் கீழே உள்ள போல்ட்டைப் பாருங்கள். எல்லாப் போல்ட்டையும் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரே இறுக்கத்தில் முடுக்க வேண்டும். இறுக்கமாக இருந்தும் சத்தம் மாறவில்லை என்றால் ரப்பர் மரத்திலிருந்து விட்டிருக்கிறது. துணியை எடுத்து மறுபடி ஒட்ட வேண்டியதுதான்.

பந்து குஷனில் பட்டுத் துள்ளினால் மூக்கு தாழ்வு, அமுங்கி உதைத்தால் மூக்கு உயரம். 57.15 மி.மீ. பூல் பந்துக்கு மூக்கு கல்லிலிருந்து 36 மி.மீ.க்குச் சற்று மேல் இருக்க வேண்டும், அதாவது பந்தின் விட்டத்தில் 63.5 சதவீதம். 52.5 மி.மீ. ஸ்னூக்கர் பந்தைப் பூல் டேபிளில் போட்டு ஆடினால் இந்தக் கணக்கு முழுக்கக் கெட்டுவிடும்.

எல்லாக் குஷனும் ஒருசேர மந்தமா என்று பார்க்க ஒரு வழி: வெள்ளைப் பந்தை நீளவாட்டில் பலமாக அடியுங்கள். நல்ல குஷனில் நான்கு முதல் நான்கரை டேபிள் நீளம் ஓட வேண்டும். மூன்றைத் தாண்டவில்லை, துணியும் சுத்தம், மழைக்காலமும் இல்லை என்றால் ரப்பர் வயதாகிவிட்டது. புதிய ரப்பர் வாங்கும்போது பழையதன் வடிவத்தைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான பூல் டேபிளில் கே-66 என்ற வடிவம்.

மெதுவாக அடித்தால் பந்து ஒரு பக்கம் விலகுகிறது. மட்டம் போய்விட்டதா?

உடனே ஆப்பு தேடாதீர்கள். அதே பந்தை அதே இடத்திலிருந்து மறுமுனை நோக்கியும், பின் அங்கிருந்து திரும்பவும் உருட்டுங்கள். சரிவு என்றால் இரண்டு தடவையும் டேபிளின் அதே ஓரத்துக்கு விலகும். பிறகு பந்தை மாற்றிப் பாருங்கள். ஒரு பந்து மட்டும் விலகினால் எடை மையம் தப்பிய பந்து அது. மயிர்த் துணியில் மெதுவான பந்து மயிரின் போக்கில் சாய்வது இயல்பு, அது குறையே இல்லை.

சரிவுதான் என்று உறுதியானால் பெரும்பாலும் சட்டம் இறங்கியிருக்கும். புது டேபிளில் இது நடக்கும். எனவே பொருத்தி நான்கு முதல் ஆறு வாரத்தில் ஒருமுறை லெவல் பார்க்க ஃபிட்டரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள், பின்பு வருடத்துக்கு ஒருமுறை. துணி மேலேயே லெவல் வைத்துப் பார்த்துக் காலின் திருகால் திருத்தலாம். இணைப்பில் படி விழுந்திருந்தால் மட்டும் துணியைக் கழற்ற வேண்டிவரும்.

மழைக்காலத்தில் என்ன செய்வது?

கம்பளி ஈரம் இழுக்கும். ஜூலை, ஆகஸ்டில் பந்து தானாகவே மெதுவாகும். ஜன்னலைச் சாத்தி ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு ஏசியோ டீஹியூமிடிஃபயரோ ஓட விடுங்கள். ஈரப்பதம் 50 சதவீதம் அளவில் நின்றால் துணியும் க்யூவும் நலமாக இருக்கும். க்யூவை வெளிச்சுவர் மேல் சாய்த்து வைக்காதீர்கள். சுவரின் ஈரம் ஏறி வளையும்.

ரெக்சின் உறை மழைக்காலத்தில் ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும், பருத்தி உறை நல்லது. மூடியே வைத்து மாதக்கணக்கில் ஆடாத டேபிளில் குஷன் மூக்கின் அடியில் துணிப் பூச்சி முட்டையிடும். புழு கம்பளியைத் தின்று சின்னச் சின்ன வழுக்கைத் திட்டு போடும். அந்த இடுக்கில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வேக்குவம் பிடித்தால் வராது. அந்துருண்டையைத் துணி மேல் போட வேண்டாம்.

தினசரி சுத்தம்?

ஆடி முடித்ததும் மென் பிரஷ். முதலில் குஷன் அடி, பிறகு ஒரே திசையில் நேர்க்கோட்டில். வட்டமாகத் தேய்த்தால் க்யூ முனையில் தேய்க்கும் சாக்பீஸின் தூள் நெசவுக்குள் இறங்கும். வாரம் ஒருமுறை உருளை பிரஷ் இல்லாத வாயால் வேக்குவம். வொர்ஸ்டட் துணிக்கு இஸ்திரி தேவையில்லை.

பந்துகளை இளஞ்சூட்டு நீரில் சொட்டு சோப்பு விட்டுத் துடைத்து உடனே உலர்த்துங்கள். போர்வெல் நீர் காய்ந்தால் உப்புத் திட்டு நிற்கும், ஆர்.ஓ. நீர் எடுங்கள். அழுக்குப் பந்துதான் துணியை வேகமாகத் தேய்க்கிறது. பிரேக் (ஆட்டத்தின் முதல் அடி) அடிக்கும் இடத்தில் வெள்ளைப் பந்தின் கீழ் ஒரு சிறு துணித் துண்டு போட்டால் கருகல் புள்ளி விழாது. காபி கொட்டினால் தேய்க்காமல் உலர்ந்த துண்டை அழுத்தி ஒற்றி எடுத்து, ஃபேன் போட்டு விடுங்கள்.

விளக்கு எங்கே?

டேபிளின் நடுவுக்கு நேர் மேலே, கல்லிலிருந்து 36 முதல் 40 அங்குல உயரத்தில், நீளவாட்டில். ஒற்றை பல்பு நிழல் போடும். போட்டி டேபிளுக்கு எல்லா இடத்திலும் 520 லக்ஸ் கேட்கிறார்கள், வீட்டிலும் அதைக் குறியாக வைக்கலாம்.

வீடு மாறும்போது அப்படியே தூக்கிக்கொண்டு போகலாமா?

முடியாது. பக்கத்து அறைக்குக்கூட இழுக்காதீர்கள், கால் போல்ட் பிடுங்கிக்கொண்டு வரும். பாக்கெட், குஷன், துணி, கல், சட்டம் என்ற வரிசையில் கழற்ற வேண்டும். ஒவ்வொரு கல்லின் இடத்தையும் எந்தக் குஷன் எந்தப் பக்கம் என்பதையும் சாக்பீஸால் எழுதிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டேப்ளர் பின் அடித்த துணி பொறுமையாக எடுத்தால் மறுபடி உதவும், பசை போட்டது உதவாது. பொருள் ஏற்றும் ஆட்கள் ‘நாங்களே கழற்றிடுவோம்’ என்பார்கள். டேபிள் ஃபிட்டர் ஒருவரை இரண்டு முனையிலும் வரவழையுங்கள். ஆள் தெரியாவிட்டால் கிளப் மார்க்கரிடம் (கிளப்பில் டேபிள்களைப் பார்த்துக்கொள்பவரிடம்) கேட்டால் போதும். ஊரில் யார் கை சுத்தமாக மட்டம் பார்க்கும் என்று அவருக்குத் தெரியும்.